எட்டாவது துப்பாக்கிக்கு ஒரு வாரம்

இனிமேல் துப்பாக்கி வாங்கவே மாட்டேன் என்று ஃப்ரிட்லி சத்தியம் செய்து ஒன்பது வருஷம் ஆகிறது. சத்தியம் செய்த மூன்றாவது வாரமே ஒன்று வாங்கினான். அதைச் சேர்க்கக் கூடாது. அது ஒளித்து வைத்தது.

முதலில் சத்தியம் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் பள்ளத்தாக்கில் ஃப்ரிட்லிக்கு ஒரு வீடு, ஒன்பது மாடு, ரெகுலா என்று ஒரு மனைவி. வீட்டு ஹாலில் ஒரு மரத்தாங்கி. ரெகுலாவின் அப்பா தச்சர். கல்யாணத்துக்கு அவர் செய்து கொடுத்தது. அதில் ஏழு பள்ளம். ஏழு துப்பாக்கி நிற்கும். ஏன் ஏழு என்றால், அவரிடம் பலகை அவ்வளவுதான் இருந்தது. ஃப்ரிட்லி ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒன்று என்று பழைய ராணுவத் துப்பாக்கியாக வாங்கி வாங்கி நிறுத்தினான். ஏழாவது பள்ளமும் நிரம்பிய அன்று ரெகுலா மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"ஏழு ஆச்சா?"

"ஆச்சு."

"பள்ளம் தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சு."

"அப்போ கடல்."

ஃப்ரிட்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கடல் என்று ரெகுலா சொன்னால் அவன் எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பான். தேனிலவுக்குக் கடல் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனவன் அவன். போகிற வழியில் ஒரு துப்பாக்கி ஏலம் இருந்தது. பணம் அங்கேயே போய்விட்டது. கடைசியில் வாலன் ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார வைத்து, "இதுவும் தண்ணிதான். இங்க அக்கரை வேற தெரியுது. கடல்ல அது கூடத் தெரியாது" என்றான். ரெகுலா அதை மறக்கவில்லை. யார்தான் மறப்பார்கள்?

"அடுத்த வருஷம் கடல்" என்றான்.

"வேண்டாம். பேச்சை மாத்திக்கலாம். ஏழுக்கு மேல வாங்கு. தாராளமா வாங்கு. ஆனா ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் நான் ஒரு வாரம் கடலுக்குப் போவேன். உன் செலவு. நீ இங்க ஆக்கித் தின்னுக்கோ."

"எதுக்கு இதெல்லாம்? நான் வாங்கவே மாட்டேன். சத்தியம்."

"கையைக் குடு."

கொடுத்தான். கையெல்லாம் மாவு.

ஃப்ரிட்லிக்குச் சமைக்கத் தெரியாது. ஒரு தடவை முட்டை வேக வைத்தான். முட்டை அப்படியே இருந்தது, பாத்திரம்தான் வெந்தது. ஆகையால் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தான். மூன்றாவது வாரம் பள்ளத்தாக்கின் கீழே ஓர் ஏலம். எழுநூறு ஃபிராங்குக்கு ஒரு கார்பைன், குட்டைக் குழல் ராணுவத் துப்பாக்கி. மழை வந்துகொண்டிருந்தது, கடைசிப் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, சரியாகப் பார்க்கக்கூட இல்லை, வாங்கிவிட்டான். கிரீஸ் தடவியிருந்த துப்பாக்கியை அப்படியே ராணுவக் கம்பளியில் சுற்றி, வைக்கோல் பரணுக்கு ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறினான். முக்கால்வாசி ஏறும்போது முற்றத்தில் ரெகுலாவின் காலடிச் சத்தம். பதறியதில் துப்பாக்கி ஏணியின் மேலிருந்து மூன்றாவது படிக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கொக்கியில் 'டங்' என்று இடித்தது.

"அது என்ன சத்தம்?"

"பூனை!"

"பூனை டங்னு சத்தம் போடுமா?"

"கொழுத்த பூனை!"

அவ்வளவுதான். அன்றைக்குப் பழைய பனிச்சறுக்கு வண்டிக்குப் பின்னால் போட்டது. ஒன்பது வருஷமாக அங்கேயே கிடக்கிறது. திறந்து பார்க்க முடியாது. கையில் ராணுவ கிரீஸ் வாசனை ஒட்டினால் ரெகுலா நாலு அறை தாண்டிக் கண்டுபிடிப்பாள். அதனால் மாதம் ஒரு தடவை பரணுக்கு ஏறுவான். கம்பளிக்கு மேலே ஒரு அமுக்கு. இருக்கிறது. இறங்கிவிடுவான். தனக்குச் சொந்தமான துப்பாக்கியோடு அமுக்கிப் பார்த்தே குடும்பம் நடத்திய ஒரே மனிதன் அவன்தான்.

இத்தனைக்கும் பள்ளத்தாக்கில் பழைய துப்பாக்கிக்கு அவன்தான் நிபுணன். யார் வீட்டுத் தாத்தா செத்தாலும் துப்பாக்கி ஃப்ரிட்லியிடம் வரும். அவன் எண்களைப் பார்ப்பான். குழலில் ஒரு எண், போல்ட்டில் அதே எண், கட்டையில் அதே எண் என்று எல்லாம் ஒத்துப்போனால் தலையாட்டுவான். ஒன்று மாறினால் உதட்டைப் பிதுக்குவான். விலை பாதியாகிவிடும். மரத்தைத் தேய்த்திருந்தால் வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்பான். கடைசியில் திருகு. "திருகைப் பாரு. மத்ததெல்லாம் பொய் சொல்லும். திருகு சொல்லாது."

அவன் உயிரை விடுவது ஒரே ஒரு விஷயத்துக்கு. கட்டையின் அடியில் ஒரு இரும்புத் தட்டு ரெண்டு திருகோடு இருக்கும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் ஒரு துண்டுச் சீட்டில் பெயர், பிரிவு, வீட்டு முகவரி எழுதி அந்தத் தட்டுக்கு அடியில் செருகி வைப்பார்கள். எல்லாத் துப்பாக்கியிலும் இருக்காது. இருந்தால், ஃப்ரிட்லி கண் கலங்குவான்.

ரெகுலா வேறு மாதிரி. தையல் மிஷின் ரிப்பேர் செய்வாள். முன்னறையில் உட்கார்ந்திருப்பாள். மூன்று ஊர்ப் பெண்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சுவரில் அறுபது திருப்புளி, கடுகு அளவு திருகுக்குக்கூட அளவெடுத்தது போல ஒன்று. அந்த அறையை ஃப்ரிட்லி எட்டிப் பார்த்ததில்லை. ஊசி, நூல், அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

வீட்டுக் காகிதமெல்லாம் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஒரு கட்டு கொண்டுவந்து வைப்பாள். வரி, மாட்டு இன்சூரன்ஸ், பால் சங்கம்.

"இங்க போடு. இங்க போடு. அடுத்த பக்கம் போடு. படிச்சுட்டுப் போடு."

"நீ படிச்சுட்டேல்ல?"

"நான் படிச்சுட்டேன்."

"அப்புறம் என்ன."

போட்டுவிடுவான். கண் முழுக்க மாட்டுத் தீவனப் பத்திரிகையில் இருக்கும். தீவனத்தில் அவனுக்கு அவ்வளவு ஆர்வமா என்றால், இல்லை. பத்திரிகைக்கு உள்ளே ஏலப் பட்டியல் இருக்கும்.

இந்த வருஷம் மே மாதம் பூ பூக்கிற சமயத்தில் வந்த பட்டியலில், நூற்றுப் பதினாலாம் எண்ணில், அவன் மூச்சு நின்றது. தயாரிப்பு ஆரம்பித்த முதல் வருஷத்துக் கார்பைன். வால்நட் கட்டை. எல்லா எண்ணும் ஒன்று. மலைப் பண்ணை ஒன்றில், ஒரே குடும்பத்தில், கம்பளிக்குள் தூங்கியது. சுட்டதே இல்லை.

அடுத்த வீட்டுக் காஸ்பரிடம் ஓடினான். காஸ்பருக்குத் துப்பாக்கி தெரியாது. வேன் இருக்கிறது.

"டேய், கம்பளிக்குள்ள தூங்கியிருக்குடா. எந்த முட்டாளோ அதோட அருமை தெரியாம பரண்ல போட்டு வச்சிருக்கான்."

"உன் சத்தியம்?"

"ரெகுலா எண்ணிக்கைதான் பார்ப்பா. தாங்கியில ஏழு இருந்தா ஏழு. எது எதுன்னு அவளுக்குத் தெரியாது. எல்லாம் அவளுக்கு நீளமா, பழுப்பா, தூசி தட்ட வேண்டிய ஒண்ணு. நான் இதைக் கொண்டுவந்து ரெண்டாவது பள்ளத்துல வைப்பேன். அங்க இருக்கிறது பரணுக்குப் போயிடும்."

"பணம்?"

"விறகு வித்ததுல கிள்ளி வச்சிருக்கேன். ஆயிரத்து ஐநூறு. அதுக்கு மேல ஒரு ராப்பன் காசு கிடையாது. மேல போனேன்னா நீ என் காலை மிதி."

"பலமா மிதிக்கவா?"

"பலமா."

சனிக்கிழமை காலை ரெகுலா சமையலறையில் ஒயின் பாட்டிலை உருட்டி மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டை மார்ச் மாதத்திலிருந்து காணோம். அதைப் பற்றி ஃப்ரிட்லி கேட்டதில்லை. கேட்டால் தேடச் சொல்வாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"காஸ்பர் ஒரு கன்னுக்குட்டி வாங்குறான். பார்த்துச் சொல்லணுமாம்."

"இஸ்திரி போட்ட சட்டையிலயா?"

"முதல் தடவை பார்க்கிறேன். ஒரு மரியாதை."

"ஷூவுக்கு பாலிஷ்?"

"கன்னுக்குட்டி கீழதானே பார்க்கும்."

ரெகுலா பாட்டிலை ரெண்டு உருட்டு உருட்டினாள். "நானும் பாட்டு ஒத்திகைக்குப் போறேன். வர நேரமாகும்."

ஃப்ரிட்லியின் நெஞ்சுக்குள் சந்தோஷம் தவில் அடித்தது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான். "எவ்வளவு நேரம்?"

"நீளமான பாட்டு."

கதவோரம் ஒரு பெரிய பை நின்றது. சக்கரம் வைத்தது.

"இது என்ன?"

"பாட்டுப் புத்தகம்."

"சக்கரம் எதுக்கு?"

"கனமான பாட்டு, ஃப்ரிட்லி."

வேறொருவனாக இருந்தால் அங்கேயே யோசித்திருப்பான். ஃப்ரிட்லிக்கு நேரமில்லை. காஸ்பர் ஹாரன் அடித்துவிட்டான். ரெகுலா வாசல் வரை வந்து, "கன்னுக்குட்டியப் பார்த்து வாங்கு. ஏற்கெனவே யார் வீட்டுலயாவது இருந்ததா இருக்கப் போகுது" என்றாள். அவன் கையாட்டினான்.

ஏலம் ஒரு விளையாட்டு மண்டபத்தில். நீள மேஜைகளில் வெள்ளைத் துணி விரித்து, துப்பாக்கிகளைப் படுக்க வைத்திருந்தார்கள். மூலையில் வறுத்த செர்வெலா சாசேஜ், ரொட்டி, பீர். பன்னிரண்டு மணி வரை யார் வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம். அப்புறம் ஏலம்.

"சொல்றதக் கேளு" என்றான் காஸ்பர். "பிடிச்சிருந்தா மூஞ்சியைச் சுளி. நல்லா இருந்தா மட்டம்னு சொல்லு. வாயைத் திறந்தா விலை ஏறும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? முப்பது வருஷமா ஏலம் பார்க்கிறேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது பாரு."

நூற்றுப் பதினாலாம் எண்ணுக்கு முன்னால் ஏற்கெனவே ஒருவர் குனிந்திருந்தார். சூரிச்சிலிருந்து வரும் பல் டாக்டர் ஆமான். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கி. எந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலும் அதற்குச் சொத்தைப் பல் இருப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்.

"கட்டையைத் தேய்ச்சு எண்ணெய் போட்டிருக்காங்க" என்றார் டாக்டர், பக்கத்தில் இருந்தவரிடம். "இது வேலை பண்ணின சாமான்."

காஸ்பர் ஃப்ரிட்லியின் கையைப் பிடித்தான். ஃப்ரிட்லி மூஞ்சியைச் சுளித்தான். நன்றாகவே சுளித்தான்.

டாக்டர் மோந்து பார்த்தார். "தையல் மிஷின் எண்ணெய் வாசனை வருதே."

ஃப்ரிட்லி உதட்டைக் கடித்தான்.

"இதோ ஒரு கீறல் வேற. எவனோ எங்கயோ இடிச்சிருக்கான். ஐநூறுக்கு மேல போகாது."

அவ்வளவுதான். வாய் திறந்துவிட்டது.

"ஹெர் டாக்டர், நீங்க பல்லை மட்டும் பாருங்க! தேய்ச்ச மரமா இது? விளிம்பைப் பாருங்க, கத்தி மாதிரி நிக்குது. தேய்ச்சா விளிம்பு மழுங்கிடும். சின்னக் குழந்தைக்குத் தெரியும். சிலுவை முத்திரை பாருங்க. நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. எண்ணைப் பாருங்க. போல்ட்டு, குழல், மேகசின், எல்லாம் ஒண்ணு! தையல் மிஷின் எண்ணெயாம். அது ராணுவ கிரீஸோட வாசனை. வருஷம் ஆக ஆக இப்படித்தான் மாறும்!"

ஆட்கள் திரும்பினார்கள். நாலு பேர் செர்வெலாவோடு கிட்டே வந்தார்கள்.

"நூறு ஃபிராங்க் ஏத்திட்டே" என்றான் காஸ்பர் காதுக்குள்.

"அப்போ கீறல்?" என்றார் டாக்டர்.

"கீறலா?" ஃப்ரிட்லி துப்பாக்கியைத் தூக்கினான். விசைக்குப் பக்கத்தில் கோழிக்கால் மாதிரி மூன்று கோடு. எங்கோ பார்த்த மாதிரிதான் இருந்தது அவனுக்கு. பெரிய சரித்திரம் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். "இது கீறல் இல்ல. இது வாக்குமூலம். நாற்பத்து மூணு. குளிர்காலம். மலைக் கணவாய். காவல் மாத்துற நேரம். பனி கண்ணை மறைக்குது. ஒரு பையன், இருபது வயசு, மீசைகூட வரல, பாறையில கால் வைக்கிறான். சறுக்குது. விழுறான். ஆனா துப்பாக்கியக் கீழ விடல. பாறையோட இரும்புக் கொக்கியில இடிக்குது. தன் உடம்பக் கீழ குடுத்து இதக் காப்பாத்துறான்!"

ஒரு பெரியம்மா மூக்கைச் சிந்தினாள்.

"முந்நூறு" என்றான் காஸ்பர்.

"சும்மா இருடா! டாக்டர், இந்தத் திருகப் பாருங்க. தட்டோட திருகு. உருப்பெருக்கிய வச்சுப் பாருங்க. பள்ளத்துல ஒரு சிராய்ப்பு இருக்கா? இல்ல. ராணுவக் கிடங்குல முடுக்கினது. அன்னைக்கு முடுக்கினவன் கைக்கு அப்புறம் மனுஷக் கை பட்டதே இல்ல. உள்ள சீட்டு இருக்கு. நான் சொல்றேன், இருக்கு!"

டாக்டர் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சொத்தைப் பல் இல்லை.

"நீங்க சொல்றது சரிதான்" என்றார் மெதுவாக. "திறக்கவே இல்ல." பிறகு ஏலம் விடும் மென்ஸி அம்மாளைப் பார்த்து, "திறந்து பார்க்கலாமா?" என்றார்.

"வாங்குறவங்க வீட்டுல போய்த் திறந்துக்கலாம்" என்றாள் அவள். "இங்க திருப்புளி வெளியில வரக் கூடாது."

"யாரோடது இது?" என்றான் ஃப்ரிட்லி.

"பேர் சொல்ல மாட்டோம். நேர்த்தியா பொட்டலம் கட்டி வந்தது. அவ்வளவுதான் சொல்லலாம்."

காஸ்பர் பெருமூச்சு விட்டான். இன்னும் ஐம்பது பேர் நூற்றுப் பதினாலாம் எண்ணை விரல் நகத்தால் பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏலம் அறுநூறில் ஆரம்பித்தது. மூச்சு விடுவதற்குள் ஆயிரம். மூக்கைச் சிந்திய பெரியம்மாகூட ஒரு தடவை கை தூக்கினாள். ஆயிரத்து இருநூறில் அவள் உட்கார்ந்தாள். ஆயிரத்து நானூறில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் உட்காரவில்லை.

"ஆயிரத்து ஐநூறு" என்றான் ஃப்ரிட்லி.

"ஆயிரத்து அறுநூறு" என்றார் டாக்டர், நகத்தைப் பார்த்துக்கொண்டே.

ஃப்ரிட்லி ஒரு அடி முன்னால் போனான். காஸ்பர் சொன்ன சொல் தவறாதவன். காலைத் தூக்கி, ஆணி அடித்த பூட்ஸோடு, பலமாக மிதித்தான்.

"ஆ!" ஃப்ரிட்லியின் கை வலியில் தானாக மேலே போனது.

"ஆயிரத்து எழுநூறு, நன்றி" என்றாள் மென்ஸி அம்மாள்.

"எண்ணூறு" என்றார் டாக்டர்.

காஸ்பர் பதறிப் போய் இன்னும் பலமாக மிதித்தான்.

"ஆஆ!"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம், நன்றி."

"மிதிக்காதடா!"

"நீதானே சொன்ன!"

"ரெண்டாயிரம்" என்றார் டாக்டர்.

இந்தத் தடவை காஸ்பர் மிதிக்கவில்லை. ஃப்ரிட்லி தானாகவே தூக்கினான். ஒரு தடவை மேலே போய்ப் பழகிய கை, கீழே இருக்காது. ரெண்டாயிரத்து நூறு. இருநூறு. முந்நூறு. டாக்டர் ஐம்பது மட்டும் கூட்டினார். ஃப்ரிட்லி ரெண்டாயிரத்து நானூறு என்றதும் அவர் உருப்பெருக்கியைப் பைக்குள் போட்டார். சுத்தியல் விழுந்தது. டாக்டர் வந்து கை குலுக்கினார்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் நான் ஏலம் கேட்டேன். இல்லேன்னா ஐநூறோட போயிருப்பேன்" என்றார்.

மிச்சத் தொள்ளாயிரத்துக்குக் காஸ்பர் பாங்கு அட்டையை நீட்டினான். நீட்டும்போது ஃப்ரிட்லியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வேனில் ஃப்ரிட்லி துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கால் வீங்கிவிட்டது. ஆனாலும் ராஜா மாதிரி இருந்தான்.

"ரெகுலாவுக்குத் தெரிஞ்சா?" என்றான் காஸ்பர்.

"எப்படித் தெரியும்? அவ ஊசி நூல் உலகத்துல இருக்கா. பாவம், வெகுளி."

வீட்டில் யாரும் இல்லை. சமையலறை மேஜையில் அவள் தேய்த்த மாவு பச்சையாகவே, ஒரு துணி மூடி, அப்படியே இருந்தது. ஃப்ரிட்லி அதைக் கவனிக்கவில்லை. நேராகப் பரணுக்கு நொண்டினான். சீட்டைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று காஸ்பரும் பின்னால் ஏறினான். தொள்ளாயிரம் கொடுத்தவன், அவனை எப்படி வேண்டாம் என்பது?

பனிச்சறுக்கு வண்டிக்குப் பின்னால் கம்பளிப் பொட்டலம் கிடந்தது. ஃப்ரிட்லி அமுக்கினான். இருந்தது.

"தம்பி வந்திருக்கான்" என்று அதனிடம் சொன்னான்.

"என்னடா அது?" என்றான் காஸ்பர்.

அப்போதுதான் ஃப்ரிட்லி அவனுக்கு எட்டாவது துப்பாக்கி விஷயத்தைச் சொன்னான். ஒன்பது வருஷம், எழுநூறு ஃபிராங்க், கொழுத்த பூனை, எல்லாம். காஸ்பர் பொட்டலத்துக்குப் பக்கத்தில் குந்தினான்.

"இந்த முடிச்சு நீ போட்டதா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் கேட்கிறேன். என் வீட்டுல பழைய பேப்பர் கட்டுறப்ப என் பொண்டாட்டி இப்படித்தான் கட்டுவா. குறுக்கே ஒண்ணு, நெடுக்கே ஒண்ணு, நடுவுல பூ. ஆம்பளைக்கு இந்தப் பூ வராது."

ஃப்ரிட்லி முடிச்சைப் பார்த்தான். போன மாதம் அமுக்கும்போதுகூடத் தன் முடிச்சு எவ்வளவு அழகு என்று நினைத்தது ஞாபகம் வந்தது. அவிழ்த்தான்.

உள்ளே புல் வாருகிற வாரியின் காம்பு ஒன்று இருந்தது. அதன் தடித்த முனையில் துணி சுற்றி, நூலால் நெருக்கித் தைத்து, மார்ச் மாதம் காணாமல் போன மாவுக்கட்டை.

காஸ்பர் மாவுக்கட்டையை விரலால் தட்டிப் பார்த்தான்.

"அப்போ அந்தத் துப்பாக்கி எங்க?" என்றான் காஸ்பர்.

காஸ்பர் ஃப்ரிட்லியின் மடியில் இருந்ததைப் பார்த்தான். அதிலிருந்த கோழிக்காலைப் பார்த்தான். ஏணியைப் பார்த்தான். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ரெண்டு படி இறங்கி, மூன்றாவது படிக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கொக்கியில் கோழிக்காலைப் பொருத்தினான். மூன்று கோடும் பூட்டுக்குள் சாவி மாதிரி உட்கார்ந்தது.

"நாற்பத்து மூணு" என்றான் காஸ்பர். "குளிர்காலம். மலைக் கணவாய்."

"வாயை மூடு."

"மீசைகூட வரல."

"காஸ்பர்!"

காஸ்பர் சிரித்த சிரிப்பில் கீழே மாடுகள் திரும்பிப் பார்த்தன. எந்த முட்டாளோ பரணில் போட்டான் என்று சொன்னாயே, அது யார் என்று கேட்டான். பிறகு மறுபடியும் சிரித்தான். ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஃப்ரிட்லி பையிலிருந்த தடித் திருப்புளியை எடுத்தான். சரியான அளவா என்றுகூடப் பார்க்கவில்லை. திருப்புளி வழுக்கி, மனுஷக் கையே படாத திருகில் கோணலாக ஒரு கோடு விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் அழுதிருப்பான். தட்டு கழன்றது.

சீட்டு இருந்தது. அந்த மட்டுக்கு அவன் சொன்னது சரி. நாலாக மடித்து, சிப்பாய்கள் மடிப்பது மாதிரியே. தையல் மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

காஸ்பர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான்:

"பெயர்: ரெகுலா. பிரிவு: சமையலறை, இருபத்தாறு வருஷம், விடுப்பு எடுத்ததில்லை. முகவரி: ஜெனோவாவுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஜன்னல்.

"இதைப் படிப்பது வேறு யாராவதாக இருந்தால், மன்னிக்கவும். நல்ல துப்பாக்கி. கீறல் மட்டும் ஏணியில் பட்டது.

"இதைப் படிப்பது ஃப்ரிட்லியாக இருந்தால்: வாங்கும் தடவைக்கு ஒரு வாரம் என்று பேச்சு. எட்டாவதை நீ ரெண்டு தடவை வாங்கியிருக்கிறாய். ஆகவே ரெண்டு வாரம். ஏலப் பணம் என் பேருக்கு வரும். அந்தத் தாளில் நீதான் கையெழுத்துப் போட்டாய், மார்ச் மாதம், மாட்டு இன்சூரன்ஸுக்கு அடியில். படிச்சுட்டுப் போடு என்று சொன்னேன். மாவு தேய்த்து வைத்திருக்கிறேன். மேலே ஆப்பிள் அடுக்கி அடுப்பில் வை. அடுப்பு கறுப்பாக, ஜன்னலுக்குக் கீழே இருக்கும்.

"பாட்டுக்காரிகள் பதினொரு பேரும் கூட வருகிறார்கள்."

காஸ்பரின் சிரிப்பு நின்றது. காஸ்பரின் மனைவி பார்பரா அந்தப் பாட்டுக் குழுவில் முதல் வரிசை.

"காலையில அவளும் ஒரு சக்கரப் பையோடதான் நின்னா" என்றான் மெதுவாக. "நான் கேட்கக்கூட இல்ல." அவன் சீட்டைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஃப்ரிட்லியின் கையில் திணித்தான். "டேய், நீ நிபுணன்தானே? வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாரு. எவளாவது விளையாட்டுக்கு எழுதிச் செருகின போலியா இருக்கும். இருக்கும்ல?"

ஃப்ரிட்லி சீட்டைப் பரணின் ஓட்டை வழியாக வந்த வெயிலில் பிடித்தான். காகிதத்தைப் பார்த்தான். மடிப்பைப் பார்த்தான். கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அசல்தான்" என்றான்.